காயலாங்கடைக் கேமராவுக்கு உயிர் இருக்கிறதா?

எங்கள் குடியிருப்பில் போன மாதம் சிசிடிவி கேமராக்களை மாற்றினார்கள். கழற்றிய எட்டும் வாட்ச்மேன் அறையின் மூலையில் ஒரு சாக்குப்பைக்குள் கிடந்தன. காயலாங்கடைக்காரர் வருவதற்குள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கண்ணாடியில் சிலந்தி வலை, வாலில் இரண்டு முனைகள். இது வேலை செய்கிறதா என்று பார்க்க டிவிஆர் பெட்டி தேவையில்லை. வீட்டு டிவி போதும்.

ஒரு முனை மின்சாரத்துக்கு. பெரும்பாலான கேமராக்களுக்கு 12 வோல்ட் டி.சி., பின்னின் நடுவில் பாசிட்டிவ். கேமராமேல் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டுச் செருகுங்கள். 24 வோல்ட் ஏ.சி.யில் ஓடும் ரகமும் உண்டு. இன்னொன்று படத்துக்கு: திருகிப் பூட்டும் உலோக முனை, பிஎன்சி. அதை டிவியின் பின்புறமுள்ள மஞ்சள் ஏவி துளையில் பொருத்த ஒரு சிறு கன்வெர்ட்டர் பின் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நெட்வொர்க் கேபிள் துளையுள்ள ஐபி கேமராவாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.

அந்த ஒற்றைக் கம்பியில் முழுப் படமும் எப்படிப் போகிறது? பள்ளியில் டிக்டேஷன் எழுதியது நினைவிருக்கிறதா? கேமரா சொல்லச் சொல்ல டிவி எழுதுகிறது. இடமிருந்து வலமாக ஒரு வரி. வெளிச்சம் கூடினால் வோல்ட் கூடும், இருட்டானால் குறையும். வரி முடிந்ததும் வோல்ட் சட்டென்று கீழே விழும். ‘அடுத்த வரி’ என்று அதற்குப் பொருள். மொத்தக் குறிகையே 1 வோல்ட்தான். அதில் ஏறக்குறைய 0.7 படத்துக்கு, 0.3 இந்தக் கட்டளைகளுக்கு. நம் நாட்டுக் கணக்கில் ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். ஒரு வரிக்குக் கிடைப்பது 64 மைக்ரோ நொடி. ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை மறு தடவை என்று நொடிக்கு 50 அரைப் படங்களாகச் சொல்வதால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரிவதில்லை. ஒவ்வொரு அரைப் படமும் முடிந்ததும் வரும் ‘அடுத்த பக்கம்’ என்ற கட்டளை டிவியின் காதில் விழாவிட்டால் படம் மேலும் கீழுமாக உருளும். பெட்டி டிவிக் காலத்தில் பின்னால் கைவிட்டுத் திருகியவர்களுக்கு இது தெரியும்.

இந்த வரிகளோடு வண்ணத்தையும் சேர்த்து அனுப்பும் முறைக்கு பால் (PAL) என்று பெயர். உருவாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் புரூக். வழியில் சிதையும் வண்ணத்தைக் காப்பாற்ற, வரிக்கு வரி வண்ணக் குறிகையைத் திருப்பிப்போட்டார் அவர். அடுத்தடுத்த வரிகளில் பிழை எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1963-இல் இதைச் செய்து காட்டினார். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது வந்ததும் இதே முறைதான். இதே புரூக்தான் 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டேவில் வி-2 ராக்கெட் கிளம்புவதைப் பத்திரமான தூரத்திலிருந்து பார்க்க மூடிய சுற்றுத் தொலைக்காட்சி அமைத்தவர். என் கையிலிருந்த கேமரா, சுவரிலிருந்த டிவி இரண்டின் வம்சாவளியிலும் ஒரே ஆள்!

சரி, செருகினேன். டிவியில் ஏவி போட்டேன். ‘நோ சிக்னல்’.

தூக்கிப்போட வேண்டியதில்லை. ஏஹெச்டி, டிவிஐ, சிவிஐ என்று வந்த எச்டி ரகங்கள் அதே கம்பியில் 720, 1080 வரிகளை அனுப்புகின்றன. டிக்டேஷன் வேகம் பல மடங்கு. டிவியால் எழுத முடியாது. இவற்றில் பலவற்றின் வாலில் ஒரு குட்டி பட்டன் இருக்கும். அதை ஒரு பக்கமாகத் தள்ளி ஐந்து நொடி பிடித்தால் பழைய வேகத்துக்கு இறங்கி வரும். எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்றாவது பக்கத்தில் எங்கள் சாப்பாட்டு மேசை திரையில் தெரிந்தது.

கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. அதுவும் கோளாறு இல்லை; அறை மங்கல். விளக்கைப் போட்டதும் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், வண்ணம் வந்துவிட்டது. பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி லென்ஸுக்குப் பின்னால் வந்து உட்காரும் சத்தம் அது. இருட்டினால் விலகிக்கொள்ளும், எல்இடிகள் எரியும். அவற்றின் ஒளி பெரும்பாலும் 850 நானோமீட்டர். நம் கண்ணுக்கு லேசான சிவப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். மொபைலின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், ஊதா நிறத்தில் ஜொலிக்கும். இரவுப் படத்தில் மணிபிளான்ட் இலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. இலைகள் அகச்சிவப்பை நிறையவே திருப்பி அனுப்பிவிடும்.

ஒன்று மட்டும் படுத்தியது. விளக்கை அணைத்த மறுகணம் படம் போய்விடும், மறுபடி வரும், மறுபடி போகும். கேமராவைச் சந்தேகித்து அரை மணி நேரம் வீணானது. குற்றவாளி, பழைய மோடத்தோடு வந்த அரை ஆம்பியர் அடாப்டர். எல்இடிகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கும். நோஞ்சான் அடாப்டரில் வோல்ட் சரிந்து, கேமரா அணைந்து மறுபடி கிளம்பும். 1 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் அடங்கியது. ஆகவே, பகலில் மட்டும் சோதித்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். சென்சார் உள்ள முகப்பை முழுக்க மூடி இருட்டாக்கியும் பாருங்கள்.

கண்ணாடியைத் துடைத்து மொட்டை மாடியில் மாட்டியிருக்கிறேன். ஏவி போட்டால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது தெரிகிறது.