இரவல் நெல்லும் சில்லறைப் பங்கும்

ஓய்வூதியப் பணமும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும் கையிலுள்ள பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். “இரண்டு ரூபாய்ப் பங்கு விரைவில் இருபது ரூபாயாகும், விலை வீழுமென்று விற்றவர்கள் அகப்பட்டுக்கொண்டனர்” என்பன போன்ற வதந்திகள் கைத்தொலைபேசி வழியே வாவி கடந்து படுவான்கரைக்கும் வந்து சேரும் காலமிது. அவ் வதந்தியின் உட்பொருள் யாதென ஈண்டு ஆராய்வாம்.

கொக்கட்டிச்சோலை வாசகர்க்கு இதனை நெல்லைக் கொண்டே விளக்கலாம். அறுவடைக்கு முன், நெல் விலை ஏறி நிற்கையில், ஒருவர் போடியாரிடம் நூறு மூடை இரவலாகப் பெற்று உடனே விற்றுவிடுகிறார். அறுவடையின்பின் விலை இறங்கியதும் நூறு மூடை வாங்கித் திருப்பிக் கொடுப்பின், இடைப்பட்ட வித்தியாசம் அவர்க்கு இலாபம். பங்குச் சந்தையில் ‘ஷோர்ட்’ எனப்படும் இரவல் விற்பனை இதுவே. ஆனால் வெள்ளம் வந்து வயல் அழிந்தால்? விலை ஏறும், போடியாரோ தம் நெல்லைக் கேட்பார். இவ்வாறு இரவல் வாங்கியோர் அனைவரும் ஒரேவேளையில் நெல் தேடி ஓட, அவர்தம் ஓட்டமே விலையை மேலும் ஏற்றிவிடும். இந்நெருக்கடியே ‘ஷோர்ட் ஸ்குவீஸ்’ என வழங்குவது. இதில் நட்டத்துக்கு மேல்வரம்பு இல்லை என்பதையும் நோக்குக.

2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டொப் கொம்பனிப் பங்கு இருபது டொலருக்கும் குறைந்த நிலையினின்று ஏறி, 28ஆந் திகதி 483 டொலரைத் தொட்டது. பெப்ரவரியிலேயே நாற்பது டொலரளவுக்கு வீழ்ந்தது. அந்நாட்டு ஆணைக்குழுவின் அலுவலர் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, இரவல் விற்றோர் திரும்ப வாங்கியது அவ்வேற்றத்தின் ஒரு பகுதியே என்றும், ஏற்றத்தை நீடிக்கச் செய்தது பொதுமக்கள் வாங்கிய ஆர்வமே என்றும் கூறிற்று. உச்சியில் வாங்கியோர் எத்தகையோர் என்பதை நாம் ஊகிக்கலாம்.

நம் நாட்டின் கதை வேறு. 2009இல் போர் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை விரைந்தேறி, 2011 பெப்ரவரியில் அதன் சுட்டெண் 7,800ஐக் கடந்தது. (அதே வாரங்களில் மட்டக்களப்பு வயல்கள் வெள்ளத்தில் கிடந்தன என்பது எம் நினைவை விட்டு அகலாதது.) அக்காலத்திற் கொழும்பில் இரவல் விற்பனை நடைமுறையில் இல்லை, ஆகவே சில்லறைப் பங்குகளின் ஏற்றத்துக்கு ‘ஸ்குவீஸ்’ காரணமாதல் இயலாது. தரகரிடம் கடன் பெற்று வாங்கியோரும், தமக்குள் வாங்கி விற்று விலையை உயர்த்திப் பின் பிறர் தலையிற் கட்டியோரெனக் குற்றஞ்சாட்டப்பட்டோருமே பேசப்பட்டனர். பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு கடனைக் கட்டுப்படுத்தி, விலையசைவுக்கு வரம்பிட்டு, விசாரணைகளையும் தொடங்கிற்று. அதன் தலைவி இந்திராணி சுகததாச 2011 டிசம்பரிலும், அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டிலும் பதவி துறந்தனர். செல்வாக்குள்ள முதலீட்டாளரின் நெருக்குதல் பற்றிய பேச்சு அப்போது பகிரங்கமாகவே எழுந்தது. அவ்வாண்டு ஜூனில் சுட்டெண் 5,000க்குக் கீழ் இறங்கியிருந்தது. கருணாரத்ன 2015இல் அப்பதவியில் மீண்டும் அமர்த்தப்பட்டார். காவற்காரனே விலக நேரும் வயலிற் கதிருக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில் தவறில்லை.

1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் குற்றவியல் வழக்கே பிரதான வழியாயிருந்தது. அதற்கு ஐயத்துக்கிடமற்ற சாட்சியம் வேண்டும். பல பெயர்களிற் சிதறிய கொள்வனவுகளுக்கு அத்தகைய சாட்சியம் தேடுதல் எளிதன்று. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சிவில் நடவடிக்கைக்கும் நிர்வாகத் தண்டனைக்கும் இடமளித்துள்ளது.

விலை குறைந்த பங்கு மலிவானது என்பதும் மயக்கமே. கொழும்பில் விலை நகரும் மிகச் சிறிய படி பத்துச் சதம். ஐம்பது சதப் பங்கொன்று ஒரு படி இறங்கினும் முதலில் ஐந்திலொரு பங்கு போய்விடும். ஏறுகையில் அதே கணக்கு இனிக்கும். பொதுமக்கள் கையிலுள்ள பங்குகள் சிலவாயின், சிறு தொகை கொண்டே விலையை ஏற்றிவிடலாம். அவை எத்தனை வீதம், பெரும் பங்குதாரர் இருபதின்மர் யாவர் என்பவற்றை ஒவ்வொரு கொம்பனியும் தன் காலாண்டு அறிக்கையில் வெளியிடுதல் வேண்டும். அவ்வறிக்கைகளைக் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.