முற்றத்தில் மழைநீர் தேங்காமல் இருக்க

வீட்டு வேலை முடிந்ததும் மிஞ்சிய சீமெந்தில் முற்றத்தைப் பூசிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இளகிய மண்ணின் மேல் பூசியது முதல் மாரியிலேயே வெடிக்கும். வெடிப்புக்குள் இறங்கும் நீர் புதுவீட்டின் அத்திவாரத்தைத்தான் தேடிப் போகும். ஆகவே கல் பதிப்பதானாலும் சீமெந்து பூசுவதானாலும் முதலில் அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள்.

மண்வெட்டியை எடுக்க முன், காணி கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கையளிக்கப்பட்ட காணியிலும் குறிப்பிட்ட ஆழம் வரையே தேடியிருப்பார்கள். வெட்டும்போது சந்தேகமான உலோகமோ வயரோ தென்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிசாருக்கு 119 இல் அறிவியுங்கள். வளவில் குப்பை கொளுத்துவதும் ஆபத்து.

பழைய வீட்டின் இடிசல் கல் அடித்தளத்துக்கு நல்ல பொருள், காசும் மிச்சம். ஆனால் அந்தக் குவியலுக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். அது சோதிக்கப்படும்வரை கிளறவேண்டாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை மட்டும் நொறுக்கிப் போடாதீர்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இனி மண்ணைப் பாருங்கள். ஓரடி ஆழக் குழி வெட்டி, நீர் நிரப்பி விடுங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் கரையோர மணலிலும் நீர் விரைவாக இறங்கிவிடும். வன்னியின் வயற்பக்கக் களிமண்ணில் மணிக்கணக்காக நிற்கும். களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். அங்கே கிறவல் படையைத் தடிப்பாகப் போடவேண்டும்.

வேரும் சருகும் உள்ள மேல்மண்ணை வழித்தெடுத்து 8 அங்குலம் வரை வெட்டுங்கள். மேல்மண்ணை வாழைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ போடலாம். அடியை இடித்து இறுக்கி, 4 அங்குலம் கிறவல் அல்லது உடைத்த கல் பரப்புங்கள். களிமண்ணானால் இன்னும் ஆழமாக வெட்டி 6 அங்குலம். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் மேல்தான் இறுகும். இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு, சற்று நீர் தெளித்து இடியுங்கள். குதிக்கால் பதியாத அளவுக்கு இறுகவேண்டும். அதன் மேல் ஒன்றரை அங்குல மணல், பின் கல்.

வாட்டம்தான் பலர் தவறவிடுவது. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு இரண்டரை அங்குலம் தாழவேண்டும். கண்மட்டத்தை நம்பவேண்டாம், ஒளி தெரியும் குழாயில் நீர் நிரப்பிப் பிடித்தால் மட்டம் சரியாகத் தெரியும். இந்த வாட்டத்தை வெட்டும்போதே கொடுங்கள். பிறகு மணலைக் கூட்டிச் சமாளித்தால் மழைக்கு அரித்துப் போய்விடும். முற்றத்தின் மேற்பரப்பு வீட்டு நிலத்தை விட ஆறங்குலமாவது கீழே இருக்கட்டும். தென்னை, மா நிற்கும் இடங்களில் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே விடுங்கள்.

வழிந்தோடும் நீர் கிணற்றுப் பக்கமோ மலசலகூடக் குழிப் பக்கமோ அயல் வளவுக்கோ போகக்கூடாது. வாய்க்கால் வெட்டி வாழைப் பாத்திக்கு விடலாம். ஐப்பசியில் மழை தொடங்கும். அதற்கு முன், ஆவணி புரட்டாதிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.