பெயர் சூட்டும் அதிகாரம்: டிம் ஓ'ரெய்லியை முன்வைத்து

'இதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாபாரம்யா, நமக்கென்ன?' என்றார் நண்பர். அச்சுக்கூலிக்கும் தபால்தலைக்கும் கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை இருக்கிறது. பலர் சேர்ந்து செய்த உழைப்பு யாருடைய சொத்தாக மாறுகிறது என்ற கேள்வி இந்த மனிதரின் கதையில் அப்பட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஓ'ரெய்லி 1954இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். ஹார்வர்டில் படித்ததோ கிரேக்க, லத்தீன் செவ்வியல். 1978இல் நிறுவனங்களுக்குக் கணிப்பொறிக் கையேடுகள் எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். பிறகு அவற்றின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு புத்தகமாகப் போட்டார். 1992இல் அவர் வெளியிட்ட எட் க்ரோலின் இணையக் கையேடு நன்றாக விற்றது. அந்தப் புத்தகத்தின் அட்டவணைப் பகுதியிலிருந்து பிறந்ததுதான் 1993இல் வந்த 'குளோபல் நெட்வொர்க் நேவிகேட்டர்'.

விளம்பரத்தை நம்பி நடந்த முதல் வலைத்தளம் என்று அதைச் சொல்கிறார்கள். அரசுப் பணத்தில் ஓடிய அமெரிக்க இணைய முதுகெலும்பில் வணிகப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. வாசகருக்கு இலவசம், விளம்பரதாரர் காசு கொடுப்பார். 'இலவசம்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். ஊடகங்கள் உற்பத்தி செய்து விற்கும் பண்டம் செய்தியல்ல, பார்வையாளர்களே என்று டல்லஸ் ஸ்மைத் 1977லேயே எழுதிவிட்டார். 1995இல் அமெரிக்கா ஆன்லைன் அந்தத் தளத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே மூடியது. அவ்வளவுதான் அதன் கதை.

ஆனால் ஓ'ரெய்லியின் உண்மையான மூலதனம் சொற்கள் என்பது என் வாசிப்பு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980களில் முன்வைத்தது 'சுதந்திர மென்பொருள்'. அது ஓர் அறம் சார்ந்த கோரிக்கை. 1998 பிப்ரவரியில் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லை கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தார். ஏப்ரலில் ஓ'ரெய்லி கூட்டிய சந்திப்பு அதற்கு வாக்களித்தது. நிரல் அதேதான், எழுதுகிறவர்களும் அவர்களேதான். ஆனால் உரிமை பற்றிய பேச்சு போய்த் திறமை, தரம் பற்றிய பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனிக்காரர்கள் பயமில்லாமல் உச்சரிக்கக்கூடிய சொல் கிடைத்துவிட்டது. பெயர் மாற்றம் வெறும் பெயர் மாற்றமல்ல என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

2004இல் 'வெப் 2.0' மாநாடு. மறுவருடக் கட்டுரையில் அவர் விளக்கியது இதுதான்: பயன்படுத்துகிறவர்கள் சேர்க்கும் தரவே தளத்தின் மதிப்பு, அதிகம் பேர் பயன்படுத்தப் பயன்படுத்த அது மேலும் சிறப்பாகும். யாருக்குச் சிறப்பாகும்? அந்த மதிப்பு யார் கணக்கில் ஏறும்? பங்கேற்பு என்ற அழகான சொல்லுக்குள் கூலியில்லாத உழைப்பு ஒளிந்திருந்தது.

2006இல் ஒரு வேடிக்கை நடந்தது. லாபநோக்கற்ற சிறு அமைப்பு ஒன்று 'வெப் 2.0' என்று தலைப்பிட்டுக் கூட்டம் அறிவித்தது. ஓ'ரெய்லியின் மாநாட்டுக் கூட்டாளி நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது: பெயர் எங்களுடையது, எடுங்கள். அந்த அமைப்பு எந்த ஊர்? அயர்லாந்தின் கார்க்! கண்டனம் கிளம்பிய பிறகே அந்த ஒரு கூட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

அவரை வில்லனாக்குவது சுலபம், சரியுமல்ல. அமேசானின் 'ஒரே சொடுக்கு' காப்புரிமையை எதிர்த்து 2000இல் ஜெஃப் பெசோஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார். பதிப்புரிமைக் காலத்தை 14 ஆண்டாக, நீட்டித்தால் 28 ஆகச் சுருக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2003இல் ஏற்றார். எத்தனை பதிப்பாளர்கள் செய்வார்கள்? அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. நல்லெண்ணமும் சந்தையும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்தும் விதம்தான் என் கவலை.

2017இல் அவருடைய நிறுவனம் தன் தளத்தில் தனிப் புத்தக விற்பனையை நிறுத்தியது. அங்கே இனி சந்தா மட்டும். சந்தா முடிந்தால் வாசிப்பும் முடிந்தது. என்னிடம் விலங்குப் படம் போட்ட அவருடைய பழைய வெளியீடு ஒன்று இருக்கிறது, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. உள்ளே மூன்று பேர் கையெழுத்து. போன மாதம் ஒரு தோழர் எடுத்துக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.