அடிக்கடி சளி, ஆறாத புண் – அலட்சியம் வேண்டாம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா எழுதி முடிக்கும்வரை ஒரு அக்கா இருமிக்கொண்டே இருந்தார். "எத்தனை நாளாக்கா?" என்றேன். "அது கிடக்கு, ஒரு மாசமா இருக்கு. மெடிக்கல்ல மருந்து வாங்கிக் குடிக்கிறேன்" என்றார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் சும்மா கிடக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தால் தலைதூக்கும்.

அடிக்கடி காய்ச்சல், வாய்ப்புண், ஆறாத காயம், குடம் தூக்கினாலே மூச்சு வாங்குவது... இதையெல்லாம் "வயசாச்சு" என்று விடாதீர்கள். ரத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கணும். சர்க்கரை கூடினாலும் புண் ஆறாது.

நாம் என்ன செய்கிறோம்? முட்டை வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும். நமக்கு மிஞ்சின சோறும் குழம்பும். (நானும் அப்படித்தான், அதனால் திட்டவில்லை!) விலை கூடின டானிக் எதற்கு? முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை சாப்பிடுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சரியாக ஒட்டாது. ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள், சீரியல் ஓடட்டும்.

அந்த அக்கா மறுநாளே சளி கொடுத்தார். காசநோய்தான். ஆறு மாத மாத்திரை தொடங்கிவிட்டது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இந்த வாரம் வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார்.