நல்ல கணினி, காலாவதியான இயங்குதளம்: வீட்டு மேசையில் ஒரு கொள்கைக் கேள்வி

புதுதில்லி:

தலைநகரின் தென்பகுதியில் உள்ள நேரு பிளேஸ் வணிக வளாகத்தில், நடைபாதையில் பென் டிரைவ் விற்பவர் முதல் மாடி அறையில் மதர்போர்டு பழுதுபார்ப்பவர் வரை எல்லோருக்கும் கணினியே பிழைப்பு. அங்கு மடிக்கணினி வாங்க வருபவரிடம் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலமாகவே இல்லை. எந்த விண்டோஸ் என்பது மட்டுமே கேள்வி. 'டாஸ்' மடிக்கணினி என்ற பெயரில் விண்டோஸ் இல்லாமல் சில ஆயிரம் ரூபாய் குறைவாக விற்கப்பட்ட கருவியை வாங்கியவர்களிலும் பலர், உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதி ஒன்றை எங்காவது ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்பினர்.

கேட்கப்படாமலே இருந்த அக்கேள்வி 2025 அக்டோபர் 14-ம் தேதி வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. 2015-ல் வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றுடன் நிறுத்தியது. கணினிகள் நின்றுவிடவில்லை. கடிதம் தட்டச்சு செய்யலாம், படம் பார்க்கலாம். ஆனால், அதன் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகள் தாமாக அடைபடமாட்டா. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பழுதான பூட்டை மாட்டிவிட்டு வெளியூர் போவதற்கு ஒப்பானது.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 2021-ல் வெளியான அந்த இயங்குதளம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இந்த வாசலைத் தாண்ட இயலாது. அவற்றின் திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, செயலியும் வீட்டு வேலைக்குப் போதுமானது. ஆனாலும், அவை 'தகுதியற்றவை'. விண்டோஸ் 10-ன் முடிவால் உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குச் செல்லக்கூடும் என 2023-ம் ஆண்டின் இறுதியிலேயே கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. தில்லியைப் பொறுத்தவரை அந்தக் குப்பை எங்கே போய்ச் சேரும் என்பது ஊரறிந்தது. வடகிழக்கு தில்லியின் சீலம்பூர் சந்துகளில், கையுறைகூட இல்லாமல் மின்னணுப் பலகைகளைப் பிரித்தெடுக்கும் தொழிலாளர்களிடம்தான். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தும் சீலம்பூரின் பெயர் மறையவில்லை.

பழைய கணினி வைத்திருப்பவர் முன் உள்ள வழிகள் எவை? 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகளை நீட்டித்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது தீர்வன்று, தவணை. ஆப்பிளின் மேக் நல்ல இயங்குதளம்தான். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் அதனுடனேயே வருகின்றன. ஆனால், 2025 மார்ச்சில் அறிமுகமான எம்4 மேக்புக் ஏரின் தொடக்க விலை அப்போது இந்தியாவில் 99,900 ரூபாயாக இருந்தது. ஆப்பிளும் பழையவற்றைக் கழற்றிவிடாமல் இல்லை. 2025-ல் வெளிவந்த டஹோ பதிப்புதான் இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்குக் கடைசி என்று அந்நிறுவனமே கூறிவிட்டது. பழைய கணினியில் ஏற்றிக்கொள்ளக்கூடிய குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளத்தை 2022-ல் கூகுள் இலவசமாக வெளியிட்டது. ஓர் எசமானரிடமிருந்து இன்னோர் எசமானரிடம் போவதில் ஆட்சேபம் இல்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

எஞ்சியிருப்பது லினக்ஸ். உரிமக் கட்டணம் இல்லாத, மூல நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய இயங்குதளக் குடும்பம் அது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவை அதில் நன்கு அறியப்பட்டவை. இவற்றுக்கு டி.பி.எம். சில்லு தேவையில்லை. நான்கு ஜி.பி. நினைவகமே உள்ள பழைய கணினியிலும் இவற்றின் எளிய வடிவங்கள் ஓடும்.

இந்த வரிசையில் இந்திய அரசின் சொந்தத் தயாரிப்பும் ஒன்று உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளியிடப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் வகையில் அது அமைக்கப்பட்டது.

அதற்கு முன்பே தில்லியில் இவ்விவாதம் உச்சத்தைத் தொட்டிருந்தது. 2002 நவம்பரில் இந்தியா வந்த பில் கேட்ஸ், குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயத் தோட்டத்தில் அப்துல் கலாமுடன் உலாவியபடியே பேசினார். மென்பொருள் பாதுகாப்புக்குத் திறந்த மூல நிரலே உகந்தது என்று கலாம் எடுத்துரைக்க, இருவர் கருத்தும் ஒத்துப்போகாமல் உரையாடல் கடினமாயிற்று. இதை 2003 மே மாதம் புணேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை அர்ப்பணித்துப் பேசியபோது கலாமே வெளியிட்டார். முகலாயத் தோட்டத்தின் பெயர் 2023-ல் அமிர்தத் தோட்டமாக மாறிவிட்டது. விவாதம் மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

காகிதத்தில் அரசு கலாமின் பக்கம்தான். அரசு அமைப்புகள் மென்பொருள் கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதைத் தவிர்த்தால் காரணம் கூற வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. பாதுகாப்பு அமைச்சகக் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றாக, உபுண்டு அடிப்படையிலான 'மாயா' இயங்குதளம் நிறுவப்படும் என 2023 ஆகஸ்டில் சவுத் பிளாக்கிலிருந்து செய்திகள் வந்தன. ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் நிறுத்தியது. குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் அந்த நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை மீண்டது. அதன் பிறகு, பிறர் கையில் உள்ள சாவி பற்றிய கவலை அமைச்சர்களின் பேச்சிலும் ஒலிக்கத் தொடங்கியது.

ஆனால், இந்தக் கவலை எல்லாம் அரசைப் பற்றியது. 2025 அக்டோபரில் பாதுகாப்பு இழந்த வீட்டுக் கணினிகளுக்கு அரசு கைகாட்டிய வழி எது? பாஸ் லினக்ஸ் இணையத்தில் கிடைக்கிறது, உண்மை. பதிவிறக்கம் செய்துகொள் என்பதும் கற்றுக்கொடுப்பது என்பதும் வெவ்வேறு.

கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் சான்று. அங்கு 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கேற்ற பாடநூல், அதே இயங்குதளத்தில் செய்முறைத் தேர்வு என மூன்றும் சேர்ந்து நடந்தன. அத்திட்டத்தின் வழிவந்த 'கைட்' நிறுவனம் உபுண்டுவைத் திருத்தித் தன் மாணவர்களுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து வழங்குகிறது. ஆட்சிகள் மாறிய மாநிலம்தான் அது. இந்தக் கொள்கை மாறவில்லை.

தமிழகம் வேறு பாதையில் சென்றது. 2011 செப்டம்பர் 15-ல் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் இடம்பெற்றன. லட்சக்கணக்கான மாணவர் கைகளில் அரசின் இயங்குதளத்தைச் சேர்த்தது, நாட்டிலேயே மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று. ஆனால், பாடநூலோ பயிற்சியோ உடன் செல்லவில்லை. கணினியைத் திறந்ததும் தோன்றும் இரண்டு பெயர்களில் பழகிய பெயரை மாணவர் தேர்ந்தெடுத்ததில் வியப்பென்ன?

இனி, வீட்டில் முடிவெடுக்க வேண்டியவரின் நிலைக்கு வருவோம். இயங்குதளத்தின் நிறை குறைகளைப் பற்றி ஆர்வலர்கள் நடத்தும் சண்டைகள் அவருக்குத் தேவையில்லை. தம் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, மாதச் சம்பளக்காரரின் வருமான வரிக் கணக்கு, மின்னஞ்சல், காணொளி ஆகிய அனைத்தும் இன்று உலவிக்குள் நடப்பவை. உலவிக்கு விண்டோஸானாலும் லினக்ஸானாலும் ஒன்றே. கடிதமும் எளிய கணக்கும் லிப்ரே ஆபீஸில் முடியும். தமிழ்99 தட்டச்சு லினக்ஸிலும் உண்டு. இவ்வளவே வேலை என்றால், பழைய கணினியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கக் காரணமே இல்லை.

தாளில் 'டேலி' என்று எழுத நேர்ந்தால் கதை வேறு. சிறு வணிகர்களின் கணக்குப் புத்தகமாகிவிட்ட அம்மென்பொருள் விண்டோஸுக்கானது. ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவருக்கும் லினக்ஸ் உதவாது. வீட்டிலிருந்தே எழுதும் கண்காணிப்புத் தேர்வுகளுக்கான மென்பொருள்களில் பல, விண்டோஸையும் மேக்கையும் மட்டுமே ஏற்கின்றன. பிள்ளைக்குத் தேர்வு இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தை லினக்ஸில் இயக்க முடியும், ஆனால் பொறுமை வேண்டும். சில பழைய லேசர் அச்சுப்பொறிகள் அதனுடன் பிணங்கும். பழைய எழுத்துருக்களில் சேமித்த தமிழ் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே இடம்பெயர்வது நல்லது.

ஐயம் உள்ளவர்கள் கணினியில் எதையும் அழிக்காமலேயே சோதித்துப் பார்க்க வழியுண்டு. மின்ட்டையோ உபுண்டுவையோ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு நான்கும் வேலை செய்கின்றனவா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையெனில் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி இயக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். நிரந்தரமாக நிறுவுவதானால் மட்டும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு வட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்துதரச் சொன்னால் நேரு பிளேஸில் மறுப்பவர் இல்லை, கேட்பவர்தான் குறைவு. பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி இணையதளத்தை 2022 டிசம்பரில் தொடங்கியது மத்திய நுகர்வோர் விவகாரத் துறை. கைப்பேசி, மின்னணுச் சாதனங்கள், வாகனம், வேளாண் கருவி என நான்கு துறைகள் அதில் சேர்க்கப்பட்டன. உறுப்பு எதுவும் பழுதாகாமல், இயங்குதளம் கைவிட்டதால் மட்டுமே பயனற்றதாகும் கணினியை அந்த உரிமைக்குள் எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் கேள்வி கேட்டாலே அரசு விடையளித்தாக வேண்டும்.