மாறும் சமையலறையும் மளிகைக் கடையும்

2021-ல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த நமது சிட்லபாக்கத்தில், தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்து வருவதை நாம் காண்கிறோம். பழைய அடுக்களையில் கடப்பைக் கல் மேடை, மூலையில் அரிசி மூட்டைக்கு இடம். புது வீட்டில் மாடுலர் கிச்சன். மேடைக்குக் கீழே இரண்டடி ஆழப் பெட்டிகள், கம்பிக்கூடை இழுப்பறைகள். ஷோரூமில் கணினித் திரையிலேயே அடுக்களையை வரைந்து காட்டி, என்ன நிறம் வேண்டும் என்கிறார்கள். அரிசியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பதாகத் தெரியவில்லை!

ஆகவே சிப்பமாக வாங்கிய குடும்பங்கள் 5 கிலோ, 10 கிலோ எனக் கேட்கின்றன. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு இல்லை. 26 கிலோ சிப்பம் பிறந்த கதை அதுதான். ஆனால் மூட்டையைப் பிரித்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கும் சில்லறைக்கு இந்த வரி கிடையாது. பாக்கெட் மட்டும் அடுக்கி வைத்திருக்கும் பெரிய கடைகளோடு விலையில் போட்டியிட நமக்குள்ள வழி இது. முதல் நாளே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி அடுக்கினால் அந்தச் சலுகை போய்விடும். தராசில் முத்திரையும் காலாவதியாகாமல் இருக்கட்டும்.

இன்னொன்று. அடுப்புக்கு மேலுள்ள பெட்டியில் மசாலாத்தூளை வைத்தால் ஆவி பட்டுக் கட்டி தட்டும். பழி நம் சரக்கின்மேல் விழும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.