கனவு உரைக்கு மேடை போட்டவரை ஓரங்கட்டிய சொந்த இயக்கம்... யார் இந்த பேயார்ட் ரஸ்டின்?

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். லிங்கன் நினைவிடத்தின் முன்னால் சுமார் இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங்கின் ‘கனவு’ உரையை ரீல்ஸிலாவது ஒருமுறை பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரையும் பஸ்ஸிலும் ரயிலிலும் வரவழைத்து, சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, ஸ்பீக்கர் செட் வரை பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தவர் யார்? அதுவும் இரண்டே மாதத்துக்குள்!

அவர் பெயர் பேயார்ட் ரஸ்டின். கறுப்பினத்தவர். தன்பாலின ஈர்ப்பாளர். இந்த இரண்டாவது விஷயத்தை அவர் மறைக்கவும் இல்லை. சிக்கலே அங்குதான் ஆரம்பித்தது.

காந்தி வழி வந்தவர்

1912-ல் பென்சில்வேனியாவில் பிறந்த ரஸ்டினை வளர்த்தது தாத்தா, பாட்டி. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனார். 1948-ல் இந்தியாவுக்கு வந்து காந்திய இயக்கத்தினரிடம் அறவழிப் போராட்டத்தைப் படித்தார். அவர் வந்தபோது காந்தி உயிரோடு இல்லை.

1956-ல் மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது கிங்குக்கு ஆலோசகராகப் போனார். அப்போது கிங்கின் வீட்டிலேயே பாதுகாப்புக்குத் துப்பாக்கி இருந்தது. அகிம்சையை முழுசாகப் பின்பற்ற வேண்டும் என்று 27 வயது இளைஞரான கிங்கிடம் பேசிப் புரியவைத்தவர்களில் ரஸ்டின் முக்கியமானவர்.

ஆனால் 1953-ல் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் ஓர் ஆணுடன் இருந்ததற்காக அவர் கைதாகியிருந்தார். அன்றைக்கு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அது குற்றம். அந்த ஒற்றை வழக்கு ஆயுள் முழுக்க அவரைத் துரத்தியது.

மிரட்டல் வந்தது வெளியிலிருந்து அல்ல

1960-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போராட்டம் நடத்த கிங்கும் ரஸ்டினும் திட்டமிட்டார்கள். அதைக் கைவிடவில்லை என்றால், ‘கிங்குக்கும் ரஸ்டினுக்கும் தொடர்பு’ என்று கதை கட்டிவிடுவேன் என மிரட்டல் வந்தது. மிரட்டியவர் ஆடம் கிளேட்டன் பவல். வெள்ளை இனவெறியர் அல்ல. ஹார்லெமின் கறுப்பின எம்.பி., பெரிய தேவாலயம் ஒன்றின் போதகரும்கூட.

கிங் தடுமாறினார். ரஸ்டின் தானாகவே ராஜினாமா செய்தார். கிங் அதைத் தடுக்கவில்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இதற்காக கிங்கை வெளிப்படையாகவே விமர்சித்தார். கிங்கை நாயகனாகவே பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடம் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

மூன்று வருடம் கழித்து, வாஷிங்டன் பேரணிக்கு ரஸ்டின் தலைமை தாங்கக் கூடாது என்றார் கறுப்பினத்தவரின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி-யின் தலைவர் ராய் வில்கின்ஸ். தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘நான் தலைவர், என் துணை ரஸ்டின்’ என்றுவிட்டார். வேலை முழுக்க ரஸ்டின் கைக்குப் போனது.

பேரணிக்கு இரண்டு வாரம் முன்பு, இனப் பிரிவினையை ஆதரித்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், செனட் அவையிலேயே பாசடேனா வழக்கை எடுத்துப் படித்தார். பேரணியைக் கெடுப்பதுதான் நோக்கம். நடந்ததோ தலைகீழ். ராண்டால்ஃப் ரஸ்டினுக்காக நின்றார், மற்ற தலைவர்களும் கைவிடவில்லை. சொந்த ஆள் மிரட்டியபோது கைவிட்ட இயக்கம், எதிரி அதையே ஆயுதமாக எடுத்தபோது ஒன்றுசேர்ந்துவிட்டது!

ஒரே குடும்பம், ஒரே வருடம், இரண்டு பக்கம்

கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பும் இனவெறியும் ஒரே வகைதான் என்று 1998-ல் சிகாகோவில் பேசினார். தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சாசனத் திருத்தத்தை 2004-ல் எதிர்த்தார். அதே 2004 டிசம்பரில் அவர் மகள் பெர்னிஸ், தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான கோரிக்கையும் அடங்கிய பேரணியில் அட்லாண்டாவில் நடந்தார். பேரணி கிளம்பியது கிங்கின் கல்லறைக்குப் பக்கத்திலிருந்து.

2008: பழி யார் மேல்?

ஒபாமா ஜெயித்த அதே நாளில், தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் ‘ப்ரொபொசிஷன் 8’ கலிஃபோர்னியாவில் சுமார் 52% வாக்குகளுடன் வென்றது. கறுப்பின வாக்காளர்களில் 70% பேர் தடைக்கு ஆதரவு என்றது எக்ஸிட் போல். அவ்வளவுதான், ‘ஒபாமாவுக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் எங்களைக் கவிழ்த்துவிட்டார்கள்’ என்று கோபம் பொங்கியது. போராட்டங்களுக்கு வந்த கறுப்பினத்தவர்களே இனவெறி வசவுகளைக் கேட்க நேர்ந்ததாகச் செய்திகள் வந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோபம் நிற்காது. அந்த எக்ஸிட் போல்படி கறுப்பினத்தவர் மொத்த வாக்காளர்களில் சுமார் 10% மட்டுமே. பின்னர் இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்ததில், ஆதரவு 58% அளவில்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது. அதற்கும் நிறம் காரணமில்லை, தேவாலயத்துக்கு அடிக்கடி போகும் பழக்கமே பெரும்பகுதி காரணம் என்றது ஆய்வு.

கறுப்பின சமூகத்துக்குள் எதிர்ப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் இருபக்கமும் அடிவாங்கியவர்கள், கறுப்பினத்தவராகவும் தன்பாலின ஈர்ப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள்தான். இந்தச் சண்டையில் அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

2012 மே மாதம் ஒபாமா திருமண உரிமைக்கு ஆதரவு தெரிவித்தார். பத்தே நாளில், ஒரு காலத்தில் ரஸ்டினை வேண்டாம் என்ற அதே என்.ஏ.ஏ.சி.பி-யும், இது சிவில் உரிமைதான் என்று தீர்மானம் போட்டது. அந்த நவம்பரில், மக்கள்தொகையில் சுமார் 30% கறுப்பினத்தவர் வாழும் மேரிலாந்து, வாக்கெடுப்பிலேயே தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. 2015-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அனுமதித்தது.

ரஸ்டின் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1987-ல் இறந்துவிட்டார். 1977-லிருந்து அவருடைய இணையராக இருந்தவர் வால்டர் நேகல். திருமணம் செய்ய வழி இல்லாததால், சட்டப் பாதுகாப்புக்காக 1982-ல் நேகலை மகனாகத் தத்தெடுத்தார் ரஸ்டின். அப்போது ரஸ்டினுக்கு 70 வயது. 2013-ல் ஒபாமா அறிவித்த அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதை, வெள்ளை மாளிகைக்குப் போய் வாங்கிக்கொண்டவர் நேகல்தான்.